மூன்றாம் நம்பர் பம்பின் வயிறு

"உள்ள கீறத மொத்தமா கயட்டிட்லாம் சார். இன்னாத்துக்கு அது? வெய்ட்டு, துரு, நாத்தம். மேல பெய்ன்ட்டு பளபளன்னு இருந்தா போதும், ஜனம் அத்தத்தான் பாக்கும்."

சொன்னவர் பாபு. கே.கே. நகரில் பழைய கார்களைப் புதுசாக்கும் பட்டறை வைத்திருப்பவர். நாங்கள் நின்றிருந்தது ஆழ்வார்பேட்டையில், இடிக்கப்படுவதற்காகக் காத்திருந்த ஒரு வீட்டின் கார் ஷெட்டில். காலை பத்தரை மணி. எங்கள் முன்னால் ஆளுயரத்துக்கு ஒரு பழைய பெட்ரோல் பம்பு நின்றுகொண்டிருந்தது. சிவப்பு வண்ணம் வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. வயிற்றுப் பக்கத் தகரக் கதவைப் பாபு கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார். முகத்தில் எண் சக்கரங்கள், அவற்றின் மேல் தூசு படிந்த கண்ணாடி. கடைசியாக ஊற்றிய பெட்ரோலின் அளவு அதில் அப்படியே நின்றிருந்தது. ஐந்து லிட்டர்.

மார்கழி மாதம்தான். எனக்கு வியர்த்தது.

பாபு இதற்கு முன் மூன்று பம்புகளைக் காலி செய்தவர். ஒன்று இப்போது ஒரு கடற்கரை பங்களாவில் மது பாட்டில் அலமாரி. இன்னொன்று மீன் தொட்டி. மூன்றாவதன் வயிற்றில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வைத்துக் கொடுத்திருக்கிறார். "அவங்க அதுல மோர் வெச்சிக்கினு கீறாங்க சார்" என்றார். அவருக்கே அது கொஞ்சம் வருத்தம்தான் போலிருந்தது.

பம்பின் சொந்தக்காரர் கோமதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். உள்பாகங்களை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதை நான் சொல்வதை வைத்துத்தான் முடிவு செய்யப்போவதாகச் சொல்லியிருந்தார். என் கையில் ஒரு கட்டைப் பை இருந்தது. அதற்குள் இருந்ததை வெளியே எடுப்பதா வேண்டாமா என்பதை நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

ஒரு வாசகியின் சந்தேகம்

இந்தத் தொடரில் மீன் மார்க்கெட் தராசுகளைப் பற்றி எழுதிய வாரம், பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு வாசகியின் எண்ணைக் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். பாராட்டாக இருக்கும் என்று நினைத்து, காபி குடித்துவிட்டு நிதானமாகப் போன் செய்தேன்.

"எங்கப்பா மந்தைவெளியில பங்க் வெச்சிருந்தார் சார். அவர் பம்புல தொங்குற சீல் நீங்க போட்டது. சர்ட்டிபிகேட்ல உங்க பேர் இருக்கு" என்றார் கோமதி.

வீட்டை அடுக்குமாடிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஷெட்டில் இருக்கும் பம்பு வெளியேற வேண்டும். கோமதி பக்கத்துத் தெருவில், ஒரு முதல் மாடியில், சின்னதாகக் காபி கடை திறக்கிறார். பம்பை அங்கே நிறுத்த ஆசை. பாபு, உள்ளே இருப்பதை எடுத்தால்தான் மாடி ஏற்ற முடியும் என்கிறார். இணையத்தில் பழைய பம்பு சேர்ப்பவர்களின் குழுவில் கேட்டால், உள்பாகம் இல்லாத பம்பு வெறும் பீரோ என்று ஒரு கட்சி, உள்ளே என்ன இருந்தால் யாருக்கு என்ன என்று இன்னொரு கட்சி. வடகலை தென்கலை மாதிரி இரண்டு பக்கமும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார்.

"எடுத்துடுங்கம்மா" என்றேன்.

காரணங்களும் சொன்னேன். இரும்பு மோட்டார், கனம் அதிகம். பழைய பெட்ரோல் வாடை உள்ளே தங்கியிருக்கும், காபி கடைக்கு ஆகாது. தீ பயம் வேறு. எல்லாமே உண்மைதான். அதுதான் அதில் மோசம்.

போனை வைத்ததும், பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "யார் எது கேட்டாலும் யோசிச்சுச் சொல்றேன்னுதானே சொல்வீங்க?" என்றாள்.

அவள் கையில் இருந்த கேனைப் பார்த்தேன். கழுத்து நீண்ட எஃகுக் கேன். ஐந்து லிட்டர் பிடிக்கும் என்று அதன் மேல் பொறித்திருக்கிறது. பிடிக்காது.

மறுநாள் காலை, நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை எதையும் கழற்ற வேண்டாம் என்று கோமதிக்குச் சொல்லிவிட்டு, கேனைத் துடைத்துக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு நங்கநல்லூரிலிருந்து பஸ் ஏறினேன்.

கேன் சொன்னால் சொன்னது

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தராசு, படி, மீட்டர் கோல், பெட்ரோல் பம்பு என்று அளக்கிற எதுவும் சரியாக அளக்கிறதா என்று பார்த்து முத்திரை குத்துவது என் வேலை.

பெட்ரோல் பம்புக்கு முத்திரை வைப்பது இப்படி. பம்பின் வயிற்றுக் கதவைத் திறந்தால் உள்ளே மோட்டார், பெல்ட், அதற்குப் பக்கத்தில் மீட்டர். மீட்டரின் தலையில் ஒரு சின்னச் சக்கரம், அதன் விளிம்பைச் சுற்றித் துளைகள், ஒரு துளையில் ஓர் ஊசி. சக்கரத்தைத் திருப்பி ஊசியை வேறு துளையில் செருகினால் பம்பு கொஞ்சம் கூடவோ குறையவோ ஊற்றும். ஆய்வாளர் தன் கேனில் ஐந்து லிட்டர் பிடித்துப் பார்ப்பார். கேனின் கழுத்துக் கோட்டில் பெட்ரோல் நின்றால் சரி. இல்லையென்றால் பங்கின் மெக்கானிக்கை விட்டுச் சக்கரத்தைத் திருப்பச் சொல்வார். பிறகு ஊசியும் சக்கரமும் அசையாதபடி மேலே ஒரு மூடி போட்டுக் கம்பியால் கட்டி, புளியங்கொட்டை அளவு ஈயத்தை அதில் கோத்து, இடுக்கியால் நசுக்கி முத்திரை வைப்பார். அதை வேறு யாரும் தொட்டால் குற்றம்.

இந்த வேலையில் இருப்பவனுக்கு ஒரு வியாதி வரும். தன் கேனைத் தவிர உலகத்தில் எதுவும் சரியில்லை என்று தோன்ற ஆரம்பிக்கும்.

தி.நகரில் ஒரு துணிக்கடையில் பித்தளை மீட்டர் கோல் ஒன்று இருந்தது. முதலாளியின் தகப்பனார் காலத்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதைப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்தின் முன்னால் வைப்பார்கள். அத்தனை வருடம் துலக்கித் துலக்கி அதன் முனை தேய்ந்து கோல் ஒரு நூல் குறைந்துவிட்டது. பக்தியால் வந்த குறை. முதலாளி கெஞ்சினார். இதனால் அளந்து விற்ற புடவை எதுவும் திரும்பி வந்ததில்லை, ராசியான கோல் என்றார். நான் அதைப் பறிமுதல் செய்துவிட்டுத்தான் வந்தேன். அன்று மாலை வீட்டில் அதைப் பெருமையாகச் சொன்னேன். குறை எந்த வழியாக வந்தாலும் குறைதான் என்று வசனம் வேறு. அந்த வசனத்தை நான் இன்னும் மறக்காததற்குக் காரணம் அடுத்து வருவது.

ஸ்கூட்டரிலிருந்து விழுந்தது

ஒரு ஐப்பசி மழையில், ஆழ்வார்பேட்டை சிக்னல் திருப்பத்தில் என் ஸ்கூட்டர் வழுக்கியது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. பின்னால் சைக்கிள் ட்யூபால் கட்டியிருந்த கேன் உருண்டு போய் நடைபாதைக் கல்லில் மோதி நின்றது. வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம்.

அடிபட்ட கேனை உபயோகிக்கக் கூடாது. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பி, அங்கிருந்து சரி என்று வந்த பிறகுதான் தொடலாம். அதற்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ ஆகும். அந்த மாதம் முடிக்க வேண்டிய பங்குகள் பாக்கி இருந்தன. மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடையில் கொடுத்து மரச் சுத்தியால் தட்டச் சொன்னேன். பள்ளத்தின் ஆழம் குறைந்து அகலம் கூடியது. பார்வைக்குத் தெரியவில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

கேனின் வயிறு சுருங்கினால் என்ன ஆகும்? சரியாக ஐந்து லிட்டர் ஊற்றுகிற பம்புகூடக் கூடுதலாக ஊற்றுவதுபோலத் தெரியும். அடுத்த பத்து நாளில் நான் போன ஒவ்வொரு பங்கிலும் பெட்ரோல் கோட்டுக்கு மேலே நின்றது. "கூட ஊத்துறீங்க, குறைச்சுக்குங்க" என்றேன். எல்லோரும் குறைத்துக்கொண்டார்கள். இரண்டு இடத்தில் நன்றி சொன்னார்கள். ஒரு இடத்தில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர்தான். மந்தைவெளி பங்க் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வெள்ளை அரைக்கைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவருடைய மூன்றாம் நம்பர் பம்பு ரிப்பேர் ஆகித் திரும்பியிருந்தது, புது முத்திரை வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்.

ஒவ்வொரு பங்கிலும் சோதனைக்கு என்று ஒரு கேன் இருக்க வேண்டும். மற்ற இடங்களில் அது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும், சாவி முதலாளியிடம் இருக்கும், முதலாளி ஊரில் இருக்கமாட்டார். அண்ணாச்சி தன் கேனைப் பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்திருந்தார். பெட்ரோல் போட வருகிறவர் யாராக இருந்தாலும் பிடித்துப் பார்க்கலாம்.

என் கேனில் கூட நின்றது. அண்ணாச்சி தன் கேனில் பிடித்துக் காட்டினார். கோட்டில் நின்றது. சர்க்கார் கேன்தான் கணக்கு என்றேன். அவர் மறுக்கவில்லை. மெக்கானிக் சக்கரத்தில் கை வைப்பதற்கு முன், பீப்பாய்க்கு நம்பர் போடுகிற சிவப்புப் பெயின்டைக் கொண்டுவரச் சொல்லி, ஊசி இருந்த துளைக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு வைத்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"திரும்பி வர வழி தெரியணும்லா சார்" என்றார்.

சிரித்துக்கொண்டே முத்திரையை நசுக்கினேன்.

ஐம்பது மில்லி

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் ஸ்டூலில் இருந்த கேனில் பெட்ரோலைப் பிடித்துப் பார்த்தார். ஐந்து லிட்டருக்கு ஐம்பது மில்லி குறைந்தது. கத்தினார். கூட்டம் கூடியது. மற்ற பங்குகளிலும் இதே குறை இருந்தது, ஆனால் அங்கே பிடித்துப் பார்க்கக் கேன் கிடைக்காது. யோக்கியமாகக் கேனை வெளியில் வைத்தவர் மாட்டிக்கொண்டார்.

புகார் என்னிடம் வந்தது. போனேன். என் கேனில் ஐந்து லிட்டர் ஊற்றச் சொன்னேன். இம்மி பிசகாமல் கோட்டில் நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? ஆகவே பம்பு சரி, அண்ணாச்சியின் கேன்தான் தவறு என்று எழுதினேன்.

அண்ணாச்சி குரலை உயர்த்தவில்லை. "என் கேனு இருவது வருசமா இந்த ஸ்டூல விட்டு எறங்கல சார். ஒங்க கேனுதான் ஊரெல்லாம் சுத்திட்டு வருது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கோபமாக மாற்றிக்கொண்டேன், அதுதான் சுலபம். அவர் கேனைப் பறிமுதல் செய்து ரசீது கொடுத்தேன். அவர் மேலிடத்துக்கு மனுப் போட்டார். மனு முறைப்படி கீழே இறங்கி இறங்கி விசாரணைக்காக என்னிடமே வந்து சேர்ந்தது. சரியாக இருக்கிறது என்று பதில் எழுதினேன்.

தை மாதம் என் கேன் வழக்கமான பரிசோதனைக்குப் போனது. கொள்ளளவு ஐம்பது மில்லி குறைவு, உபயோகிக்கத் தகுதியற்றது என்று சீட்டு வந்தது. அப்போது எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய சமயம். புதுக் கேனை வாங்கிக்கொண்டு, திடீர் சோதனை என்ற பெயரில் அந்தப் பத்து நாள் பங்குகளுக்கெல்லாம் மறுபடி போய்ச் சரி செய்தேன். மந்தைவெளிக்குக் கடைசியாகப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

மூன்றாம் நம்பர் இருந்த இடத்தில் புதுப் பம்பு நின்றது. பழையதை எடுத்துவிட்டாராம். ஸ்டூல் மட்டும் இருந்தது, மேலே ஒன்றும் இல்லை. அண்ணாச்சி டீ வரவழைத்தார். குடித்தேன். வெயிலைப் பற்றி ஏதோ பேசினேன். சொல்லாமலே கிளம்பிவிட்டேன். ஸ்கூட்டரைக் கிளப்பும்போது அப்பாடா என்றிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதவி உயர்வு வந்தது. கழித்துக் கட்டிய கேனை ஸ்டோர்காரரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஏன் என்று மனைவி கேட்டபோது, செடிக்கு ஆகும் என்றேன்.

வயிற்றைத் திறந்தபோது

மறுபடியும் கார் ஷெட்.

"அப்பா இதை இங்க கொண்டுவந்து வெச்சப்புறம் காரைத் தெருவுலதான் நிறுத்தினார் சார்" என்றார் கோமதி. "காலேஜ்ல என் பேரே அம்பது மில்லி. வாடிக்கை எல்லாம் வேற பங்குக்குப் போயிடுச்சு, ரெண்டு மூணு வருசத்துல இவர் பங்கையே விட்டுட்டார். கடைசி வரைக்கும், அந்தப் பம்பத் தொறந்தா தெரியும்னு சொல்லிட்டே இருந்தார். தொறங்களேன்பான்னா, சீல உடைக்கிறது குத்தம்பார். கரண்ட் கனெக்‌ஷனே இல்லாத பம்பு சார் இது."

அண்ணாச்சி போய் மூன்று வருடம் ஆகிறது என்றார். பிறகுதான் தான் கேட்க நினைத்ததைக் கேட்டார். அப்பா அளவில் ஏதாவது செய்திருப்பாரா? செய்திருந்தால் உள்ளே இருப்பதைப் பாபு எடுத்துப் போட்டுவிடட்டும், தான் பார்க்கக்கூட வேண்டாம். செய்யவில்லை என்றால் ஒரு போல்ட் நட்டுகூட வெளியே போகக் கூடாது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது இரும்பைப் பற்றி இல்லை. நான் போனில் ஒரே மூச்சில் சொன்ன பதிலை அவர் எப்படி எடுத்துக்கொண்டு அந்த ராத்திரியைக் கழித்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கே கிடந்த ஒரு டயரின் மேல் உட்கார்ந்தேன்.

"எதையும் எடுக்க வேணாம்மா" என்றேன்.

"நேத்து எடுக்கச் சொன்னீங்களே?"

"நேத்து பயந்துட்டேன்."

பையைத் திறந்து கேனை வெளியே எடுத்து வைத்தேன். மழை, சிக்னல், மரச் சுத்தி, சீட்டு, டீ எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். எத்தனையோ பேருக்குக் குற்றப் பத்திரிகை எழுதியவன் நான். எனக்கே ஒன்று எழுதும்போது இவ்வளவு சின்னதாக முடிந்துவிடுகிறதே என்றிருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பாபு டார்ச்சை அணைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோமதி கேனை எடுத்து, பள்ளம் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பாபுவிடமிருந்து கட்டிங் பிளேயரை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"நீங்க போட்டது. நீங்களே வெட்டுங்க."

வெட்டி, மூடியை எடுத்தேன். சக்கரத்தின் மேல் இருந்த பிசுக்கைப் பாபு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அதிலிருந்து ஊசி வரைக்கும் பாபு எண்ணினார். "பன்னெண்டு ஓட்ட சார்." ஐந்து லிட்டருக்கு ஒரு துளை நாலு மில்லிக்குச் சற்றுக் கூடுதல். பெருக்கிப் பார்த்தேன். ஐம்பது மில்லி வந்தது. கோமதிக்காகச் சத்தமாக இன்னொரு தடவை பெருக்கினேன்.

"அப்பா வெச்சிருந்த இடம் சரிதானே சார்?"

"சரிம்மா. சரியா இருந்துச்சு."

ஊசியை உருவி, சக்கரத்தைப் பன்னிரண்டு துளை திருப்பி, பொட்டுக்குப் பக்கத்தில் செருகினேன். துரு பிடித்திருந்தும் சுலபமாகத்தான் திரும்பியது.

கோமதி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எங்கப்பாவோட கேன் எங்க சார்?"

தவறான அளவை என்று பறிமுதல் செய்ததை உடைத்துவிட வேண்டும் என்பது விதி. அலுவலகத்தின் பின்புறம், சிமென்ட் தரையில் வைத்து, சம்மட்டியால் நாலு அடி. பியூன் லீவில் இருந்ததால் நானே அடித்தேன். அதையும் சொன்னேன்.

அவர் என்னிடமிருந்து பிளேயரை வாங்கிப் பாபுவிடம் கொடுத்தார். பிறகு, "இதைக் குடுத்துட்டுப் போங்க" என்று என் கேனைக் காட்டினார்.

முதல் மாடி

போன மாதம் அந்தக் காபி கடைக்குப் போயிருந்தேன். பம்பை மோட்டார், மீட்டரோடு ஆறு பேர் மாடி ஏற்றினார்களாம். பாபு இன்னும் தோள்பட்டை வலிக்கிறது என்கிறார், ஆனால் பார்க்க வருகிறவர்களை அவர்தான் டார்ச் அடித்துக் கூட்டிப் போகிறார். வயிற்றுக் கதவுக்குப் பதிலாகக் கண்ணாடி போட்டிருக்கிறார். சக்கரமும் சிவப்புப் பொட்டும் நன்றாகத் தெரிகின்றன. பக்கத்தில் அண்ணாச்சியின் பழைய ஸ்டூல். அதன் மேல் என் கேன்.

அடுத்த மேஜையில் இருந்த ஒருவர் கோமதியைக் கூப்பிட்டு, அந்தக் காலத்தில் இந்தக் கேனில்தான் அளந்து பார்ப்பார்களா என்று விசாரித்தார்.

"அது சரியான கேன் இல்லீங்க" என்றார் கோமதி. "சரியானத ஒடச்சுட்டாங்க."

யார் உடைத்தது என்று அவர் கேட்கவில்லை. மூன்றடி தள்ளி நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன், கோமதியும் சொல்லவில்லை. எனவே இங்கே எழுதிவிடுகிறேன். உடைத்தது நான்தான்.